எம்.ஓ.டி. முடிந்துவிட்டால் காப்பீடும் சாலை வரியும் என்னவாகும்?

பிரிட்டனில் எம்.ஓ.டி. என்பது கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் சோதனை; அதன் சான்று காலாவதியான காரைப் பற்றிய கேள்வி இது. வரி விஷயம் எளிது: ஏற்கெனவே கட்டியது அதன் தேதி வரை செல்லும், ஆனால் நடப்புச் சான்று இல்லாமல் புதுப்பிக்க முடியாது.

காப்பீடுதான் இழுபறி. சான்று முடிந்த மறுநாளே பாலிசி ரத்தாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பொதுவாக அப்படி ஆவதில்லை. நீங்கள் இடித்த அடுத்தவருக்கு நிறுவனம் சட்டப்படி இழப்பீடு தந்தாக வேண்டும். உங்கள் காருக்கு என்று வரும்போதுதான் பேரம் தொடங்கும். சான்றில்லாத காருக்குச் சந்தை மதிப்பு குறைவு என்பார்கள்; வழுவழுவென்று தேய்ந்த டயரால்தான் விபத்து என்றால் கையையே விரிக்கலாம். பொடி எழுத்து நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிடுங்கள், அலுப்பாகத்தான் இருக்கும்.

சாலையில் பிடிபட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். முன்பதிவு செய்த சோதனைக்கோ, பழுதுபார்க்கும் இடத்துக்கோ ஓட்டிச் செல்ல மட்டும் விலக்கு உண்டு.