ஹார்மோன் அளவு சரியாக இருந்தும் முடி கொட்டுகிறதே: தோல் மருத்துவர் பதில்கள்

வயது 34. வகிடு அகன்றுகொண்டே போகிறது. ரத்தப் பரிசோதனையில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருக்கிறது. அப்படியானால் ஹார்மோன் காரணமில்லையா?

அப்படி முடிவுகட்டிவிடாதீர்கள். உச்சியில் முடி மெலியும் பெண்களில் பெரும்பாலோருக்கு ஆண் ஹார்மோன் அளவு இயல்பாகவே இருக்கும். பரம்பரை காரணமாக, அந்த இயல்பான அளவைக்கூடச் சில மயிர்க்கால்கள் தாங்குவதில்லை. அவற்றில் முடி ஒவ்வொரு முறையும் முன்னைவிட மெல்லியதாக முளைக்கும். நல்ல வெளிச்சத்தில் வகிடு எடுத்துப் பாருங்கள். தடித்த முடிகளுக்கு நடுவே பூனைமுடிகள் கலந்திருக்கும்; நெற்றியோர முடி வரிசை பெரும்பாலும் அப்படியே நிற்கும். 'ரிப்போர்ட் நார்மல்' என்று இவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் எனக்கு ஆற்றாமை. அதற்குள் ஓரிரு ஆண்டுகள் வீணாகிவிடுகின்றன.

வயது 24. மாதவிலக்கு தள்ளிப்போகிறது, மோவாயில் முடி வளர்கிறது. என்ன பரிசோதனை செய்ய வேண்டும்?

பிசிஓஎஸ் என்ற சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மொத்த டெஸ்டோஸ்டிரோன் மட்டும் போதாது. இன்சுலின் மிகும்போது கல்லீரல் எஸ்எச்பிஜி என்ற புரதத்தைக் குறைத்துவிடும். அதில் ஒட்டாமல் உலவும் டெஸ்டோஸ்டிரோன்தான் வேலையைக் காட்டும். ஆகவே எஸ்எச்பிஜியையும் சேர்த்துப் பாருங்கள். மாதவிலக்கின் 2 முதல் 5ஆம் நாளுக்குள், காலையில் ரத்தம் கொடுப்பது நல்லது. தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது) ஆகியவையும் வேண்டும். முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். அது ஹார்மோன் முடிவுகளையே மாற்றிக் காட்டும். கருத்தடை மாத்திரையும் அப்படித்தான்.

குரல் தடித்து, சில மாதங்களிலேயே முகமெங்கும் முடி வளர்ந்தால் காத்திருக்காதீர்கள். சினைப்பையிலோ, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

குழந்தைக்கு 4 மாதம். தலை வாரினால் கொத்தாக வருகிறது.

பிள்ளை முகம் பார்த்துச் சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்பார்கள். காலக்கணக்கு சரிதான். கர்ப்பத்தில் மிகுந்த ஈஸ்ட்ரோஜன் உதிராமல் நிறுத்திவைத்த முடிகள் இப்போது சேர்ந்து உதிர்கின்றன. பெரும்பாலும் ஓராண்டுக்குள் சரியாகிவிடும். சோர்வும் இருந்தால் ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

முடி வளர மினாக்சிடில் மருந்து தடவத் தொடங்கி ஒரு மாதம். முன்னைவிட அதிகமாகக் கொட்டுகிறது. நிறுத்திவிடலாமா? ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையைச் சாப்பிடச் சொல்கிறாள் தோழி.

நிறுத்த வேண்டாம். தொடக்கத்தில் பழைய முடி உதிர்வது வழக்கம். பலனை 6 மாதம் கழித்துத்தான் எடைபோட முடியும். கருத்தரிக்கத் திட்டமிட்டால் மட்டும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்பைரோனோலாக்டோனை நீங்களாக வாங்கிச் சாப்பிடவே கூடாது. பொட்டாசியம் ஏறலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம். கருவில் ஆண் குழந்தை இருந்தால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம்.