பீடியும் எடையும் காசநோயும்

கேள்வி: என் கணவருக்கு வயது 44, உயரம் 165 செ.மீ., எடை 40 கிலோ. காசநோய்க்கு மூன்று வாரங்களாக மாத்திரை சாப்பிடுகிறார். பீடியை மட்டும் விடவில்லை. வற்புறுத்தினால் கோபத்தில் மாத்திரையையும் நிறுத்திவிடுவாரோ என்று அஞ்சுகிறேன். மாத்திரை தவறாமல் சாப்பிடும்போது எடையும் பீடியும் அவ்வளவு முக்கியமா?
— ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: இரண்டுமே முக்கியம், சகோதரி. எடையை முதலில் சொல்கிறேன், ஏனெனில் அதற்கான வேலையை இன்றே உங்கள் அடுப்படியில் தொடங்கிவிடலாம். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் உடல் நிறை குறியீட்டெண் உங்கள் கணவருக்கு 14.7, அது 18.5க்குக் கீழே இறங்கக் கூடாது. இவ்வளவு மெலிந்தவருக்கு நோயெதிர்ப்புத் திறன் மட்டுமன்றி, மூச்சு விட உதவும் தசைகளின் வலுவும் குறைந்திருக்கும். காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வொன்றில் 2,800 நோயாளிகளுக்கு மருந்தோடு மாதந்தோறும் 10 கிலோ உணவுப் பொருள்களும் வழங்கப்பட்டன. இரண்டு மாதங்களில் 5 விழுக்காடு எடை கூடியவர்களுக்கு இறக்கும் ஆபத்து சுமார் 60 விழுக்காடு குறைந்திருந்தது. உங்கள் கணவருக்கு அந்த 5 விழுக்காடு என்பது 2 கிலோதான்.

ஆகவே பத்தியம் என்ற பேச்சே வேண்டாம்; முட்டை, பருப்பு, பால், வேர்க்கடலை என்று அவர் விரும்புவதைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். நோயாளியின் வங்கிக் கணக்கில் ஊட்டச்சத்துக்காக அரசு செலுத்தும் உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. வராவிட்டால் காசநோய்ப் பணியாளரிடம் கேளுங்கள். காலில் வீக்கமோ மூச்சுத்திணறலோ, பிடிமானமின்றி நிற்க முடியாத தளர்ச்சியோ கண்டால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தமிழ்நாட்டின் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இத்தகையோரைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உள்நோயாளியாகச் சேர்ப்பதற்காக 2022இல் தொடங்கப்பட்டதே.

இனி பீடி. சென்னையிலும் உங்கள் மாவட்டத்திலும் 43,000 ஆண்களின் இறப்புகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், புகைப்பவர்கள் காசநோயால் இறக்கும் ஆபத்து புகைக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. சளியை வெளியேற்றும் நுண்ணிழைகளையும் கிருமியை விழுங்கும் நுரையீரல் அணுக்களையும் புகை செயலிழக்கச் செய்கிறது. பசியையும் மந்தப்படுத்துவதால், நீங்கள் பாடுபட்டு ஏற்றும் எடைக்கும் அதுவே தடையாகிறது. அவரிடம் சண்டையிட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே எடைக்கருவியில் எடை பார்த்து, கூடிய ஒவ்வொரு அரைக் கிலோவையும் அவர் கண்ணில் படும்படி நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பீடியை விடுவது பற்றி மருத்துவரையே பேசச் சொல்லுங்கள். 1800 112 356 என்ற இலவச எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும். கோபத்தில் ஒருநாள் அவர் பீடி பிடித்துவிட்டாலும், அன்றைய மாத்திரையை மட்டும் தவறவிடாதீர்கள்.