16 நாளில் தீர்ந்துவிடுமா?

கேள்வி: கதிரியக்கப் பொருளான அயோடின்-131இன் அரை ஆயுட்காலம் (பாதி சிதைய ஆகும் காலம்) 8 நாள். அப்படியானால் 16 நாளில் முழுவதும் தீர்ந்துவிடுமா?

பதில்: தீராது, கால் பங்கு மிஞ்சும். ஒவ்வொரு 8 நாளிலும் பாதியாவது அப்போது மிச்சமிருப்பதுதான். முதலில் இருந்த அளவில் பாதி அல்ல. 80 நாளில் 1,024-இல் ஒரு பங்காகச் சுருங்கும். அணுக்கருவுக்கு மூப்பே கிடையாது! நேற்று உருவானதற்கும் ஒரு மாதம் தாக்குப்பிடித்ததற்கும் அடுத்த 8 நாளில் சிதையும் வாய்ப்பு சரிபாதியே.

ஆய்வகத்தில் கதிர்வீச்சை எண்ணும் கைகர் கருவியால் அரை ஆயுளை அளப்பவர்கள் சறுக்குவது வேறோர் இடத்தில். முதலில் கதிரியக்கப் பொருளை அகற்றிவிட்டு, சுற்றுப்புறத்தில் எப்போதும் இருக்கும் பின்னணிக் கதிர்வீச்சை 10 நிமிடம் எண்ணுங்கள். அதன் நிமிடச் சராசரியை, பிறகு பொருளை வைத்து எடுக்கும் ஒவ்வொரு நிமிட அளவீட்டிலிருந்தும் கழியுங்கள். கழிக்காவிட்டால் வரைபடக் கோடு கடைசியில் படுத்துவிடும். அரை ஆயுள் உள்ளதைவிட நீண்டு தெரியும். அவசரமும் ஆகாது, எண்ணிக்கை கூடக் கூடத்தான் பிழை குறையும்: 100 எண்ணிக்கையில் பிழை சுமார் 10 சதவீதம், 10,000-இல் 1 சதவீதம்தான்.