விளக்கு எரிந்தால் வளர்ச்சி வருமா?

கேள்வி: மின்சாரம் அதிகம் பயன்படுத்தும் நாடுகள் பெரும்பாலும் பணக்கார நாடுகளாகவே இருக்கின்றன. அப்படியென்றால் ஏழை நாடுகளில் எல்லா வீட்டுக்கும் கரன்ட் கொடுத்துவிட்டால் அவையும் முன்னேறிவிடுமா? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: இரண்டும் சேர்ந்து வளர்வது உண்மைதான். எது எதை இழுத்துக்கொண்டு போகிறது என்பதில்தான் சிக்கல். கையில் காசு புரண்டால் ஃபிரிட்ஜ் வாங்குகிறோம். கரன்ட் வந்தால் பட்டறை போடுகிறோம். நாட்டுக் கணக்கில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். 1978-இல் கிராஃப்ட் என்ற பெயர் கொண்ட இரு ஆய்வாளர்கள் அமெரிக்கக் கணக்குகளை அலசி, வருமானம்தான் எரிசக்திப் பயன்பாட்டை உயர்த்துகிறது என்றார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் நாட்டுக்கு நாடு வேறு விடை தந்தன.

அதனால் ஊர் ஊராகப் பார்த்த ஆய்வுகளையே நான் அதிகம் நம்புகிறேன். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் கிராமங்களைப் பற்றி டேரின் டிங்கல்மேன் என்ற பொருளாதார ஆய்வாளர் 2011-இல் வெளியிட்டது எனக்கு மிகவும் பிடித்தது. மேடு பள்ளம் குறைந்த இடத்தில் கம்பி இழுக்கச் செலவு குறைவு. எந்த ஊருக்கு முதலில் கரன்ட் போகும் என்பதில் நிலத்தின் சரிவுக்கும் பங்கு இருந்தது. அந்தச் சரிவை வைத்தே, வசதியான ஊர் என்பதால் வந்த முன்னேற்றத்தையும் கரன்டால் வந்ததையும் அவர் பிரித்துப் பார்த்தார். பெண்களின் வேலைவாய்ப்பு ஏறத்தாழ 9 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது. விறகு, அடுப்பு என்று போன நேரம் மிச்சமானது இதற்கு முக்கியக் காரணம் என்கிறார். படித்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது.

சரி, எல்லா இடத்திலும் இப்படியா? இல்லை. மேற்குக் கென்யாவில் குலுக்கல் முறையில் சில வீடுகளைத் தேர்ந்து இணைப்பு கொடுத்துப் பார்த்தார்கள். ஓரிரண்டு ஆண்டுகளில் வாழ்க்கை பெரிதாக மாறவில்லை. பல்பு எரிந்தது, அவ்வளவுதான். கருவி வாங்கப் பணம் இல்லாதபோது கம்பி மட்டும் என்ன செய்யும்?

இணைப்பு இருந்தும் கரன்ட் நிற்காமல் வராவிட்டால் அடி தொழிலுக்கு. இந்தியத் தொழிற்சாலைகளை ஆராய்ந்தவர்கள், மின்தட்டுப்பாட்டால் ஆலைகளின் வருவாய் 5 முதல் 10 சதவீதம் வரை குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். பெரிய ஆலை ஜெனரேட்டரை ஓட்டிச் சமாளிக்கும். சிறிய பட்டறைக்கு டீசல் செலவு கட்டுப்படியாகாது. கரன்ட் வரும்வரை அங்கே வேலை நின்றுவிடும். எத்தனை வீட்டுக்கு இணைப்பு கொடுத்தோம் என்று மட்டும் அரசுகள் பெருமை பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது.

அடுத்த முறை ஏதாவது ஒரு நாட்டின் மின்கணக்கைப் பார்த்தால், இணைப்பு சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கரன்ட் இருந்தது, அதில் தொழிலுக்கும் பாசனத்துக்கும் எவ்வளவு போனது என்றும் தேடிப் பாருங்கள்.