தொடக்கநிலை ஓவிய வகுப்பு: கேள்வி பதில்

கேள்வி: பத்துப் பன்னிரண்டு பென்சில்கள் அடங்கிய பெட்டியை வாங்கினால்தான் நிழல் தீட்ட முடியும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. எச்.பி. (நடுத்தரம்), 2பி (மென்மை), 4பி (இன்னும் மென்மை) ஆகிய மூன்று பென்சில்களும் முதல் சில மாதங்களுக்குப் போதும். பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் கலந்து சுட்ட குச்சி. 1795இல் பிரான்சில் நிக்கோலா ழாக் கோன்டே காப்புரிமை பெற்ற முறை இது. களிமண் கூடினால் குச்சி கடினமாகிக் கோடு வெளிறும். கிராஃபைட் கூடினால் மென்மையாகிக் கோடு கறுக்கும். மிச்சமாகும் பணத்துக்குத் தாள் வாங்குங்கள். தொடங்குபவருக்குப் பென்சிலைவிடத் தாள்தான் அதிகம் செலவாக வேண்டும்.

கேள்வி: வகுப்பில் ஒரு பித்தளைச் செம்பை வைத்து வரையச் சொன்னார்கள். ஒளியும் நிழலும் நன்றாக வந்தும், செம்பு மேசைமேல் உட்காராமல் மிதப்பதுபோல் தெரிகிறது. எங்கே தீட்டிக் கெடுத்தேன்?

பதில்: தீட்டியதில் குறை இராது, வடிவம் முன்பே பிசகியிருக்கும். செம்பின் வாய் வட்டமானது என்பது நமக்குத் தெரியும், அடி தட்டையாக மேசையில் பதிந்திருப்பதும் தெரியும். ஆகவே கண் காண்பதை விட்டுவிட்டு, வாயை அகலமான முட்டை வடிவமாகவும் அடியை நேர்கோடாகவும் கை போட்டுவிடுகிறது. உண்மையில், கண்மட்டத்தில் இருக்கும் வட்டம் ஒரு கோடாகத்தான் தெரியும். கண்மட்டத்துக்குக் கீழே இறங்க இறங்க அது விரிந்து வட்டத்தை நெருங்கும். மேசைமேல் உள்ள செம்பின் அடி, வாயைவிடக் கீழே இருப்பதால், அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும். செம்பை மெல்ல உயர்த்திக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து, பிறகு கீழே இறக்கிப் பாருங்கள். இந்த மாற்றம் முழுவதும் கண்முன்னே நடக்கும்.

அடுத்து, தாளின் நடுவே மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்றை இட்டு, வாய், கழுத்து, வயிறு, அடி ஆகிய நான்கின் நீள்வட்டங்களையும் அதற்குக் குறுக்கே, மறைந்திருக்கும் பின்பக்கத்தையும் சேர்த்து முழுமையாக வரையுங்கள். நீள்வட்டத்தின் இரு முனைகளும் மீனின் வாய்போல் கூராக இருக்கக் கூடாது. கையை முழுவதும் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அளந்து, அகலம் உயரத்தில் எத்தனை பங்கு என்று பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். இவ்வளவும் முடிந்த பிறகே நிழலுக்குப் போக வேண்டும். பயிற்சி வகுப்புகள் பலவற்றில் முதல் நாளே நிழல் தீட்டக் கற்பிப்பது, படம் சீக்கிரம் அழகாகத் தெரிய வேண்டும் என்ற அவசரத்தால்தான் என்பது என் கருத்து.

கேள்வி: தவறான கோட்டை உடனே அழித்துவிடலாமா?

பதில்: சரியான கோட்டை அதன் பக்கத்தில் போட்ட பிறகு அழியுங்கள். முதலிலேயே அழித்தால், எவ்வளவு விலக வேண்டும் என்பதற்கு அடையாளம் இல்லாமல் கை அதே இடத்திற்கே திரும்பிப் போகும்.

கேள்வி: ஐயா, பணி ஓய்வுக்குப் பிறகு கற்கத் தொடங்கியிருக்கிறேன். நீளமான கோடு போட்டால் கை நடுங்குகிறது. வயதுதான் காரணமா?

பதில்: வயது ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் இளைஞர்களுக்கும் இதே நடுக்கம் வருவதை வகுப்பில் பார்க்கிறேன். எழுதும்போது பிடிப்பதுபோலப் பென்சிலின் முனைக்கருகே பிடித்து, மணிக்கட்டை ஊன்றி வரைந்தால் கோடு சிறு சிறு துண்டுகளாகத்தான் வரும். பென்சிலைப் பின்னால் தள்ளிப் பிடித்து, தோளிலிருந்து கையை அசைத்து, ஏ3 அளவுத் தாளில் பெரிதாக வரையுங்கள். பலகையையும் சாய்த்து நிறுத்துங்கள். மேசையில் படுக்கையாகக் கிடக்கும் தாளின் மேற்பகுதி கண்ணுக்குச் சுருங்கித் தெரிவதால், நம்மை அறியாமலே உருவத்தின் மேல்பாதியை நீட்டிவிடுவோம்.

கேள்வி: முகம் வரைந்தால் நெற்றியே இல்லாததுபோல் ஆகிறது.

பதில்: கண்களை மேலே ஏற்றிவிடுகிறீர்கள். பெரியவர்களின் தலையில், உச்சிக்கும் மோவாய்க்கும் ஏறத்தாழ நடுவில் கண்கள் இருக்கும். சிறு குழந்தைகளுக்கு அதற்கும் கீழே.

கேள்வி: செம்பும் பழமும் வரைந்து சலித்துவிட்டது. சென்னையில் இருக்கிறேன், வேறு எதை வரையலாம்?

பதில்: சிற்பம் வரையுங்கள், அசையாத உருவம் கிடைப்பது தொடங்குபவருக்குப் பெரிய உதவி. மாமல்லபுரத்தின் அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு நோக்கியது. விடிந்ததும் வெயில் நேர்முகமாக விழுவதால் புடைப்புகள் தட்டையாகத் தெரியும்; சூரியன் மேலேறிய பிறகுதான் நிழல்கள் உருவங்களைப் பிரித்துக் காட்டும். பாறை முழுவதையும் ஒரே தாளில் அடக்க முயல வேண்டாம். தவம் செய்யும் பூனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: நிமிர்ந்து நிற்பதால் செங்குத்துக் கோடு எளிதில் கிடைக்கும், தூக்கிய முன்கால்களுக்கும் தலைக்கும் இடையேயுள்ள வெற்றிடத்தின் வடிவமும் அளக்கத் தெளிவாக இருக்கும். யானைகளுக்கு அதன் பிறகு போகலாம்.