ஃபயர்பாக்ஸில் மட்டும் தளம் மெதுவாகத் திறப்பது ஏன்? செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ஃபயர்பாக்ஸ் உலாவியில் இணையத்தளங்கள் தாமதமாகத் திறப்பதைப் பற்றிக் காரைக்குடியிலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் "மெதுவாக இருக்கிறது" என்று எழுதுகிறார்கள். எந்தக் கட்டத்தில் மெதுவாகிறது என்று எழுதுவதில்லை. முகவரியைத் தட்டியபின் வெள்ளைத்திரை நிற்கிறதா, எழுத்து வந்து படம் வராமல் இருக்கிறதா, எல்லாம் வந்தபின் நகர்த்தும்போது திக்குகிறதா என்பதைச் சொன்னாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

கானாடுகாத்தான்: பழைய வீடொன்றை விருந்தினர் இல்லமாக நடத்துகிறோம். தினமும் நாங்கள் பார்க்கும் குரோமில் எங்கள் தளம் உடனே திறக்கிறது. ஃபயர்பாக்ஸில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. தளத்தைச் செய்து கொடுத்தவர் "ஃபயர்பாக்ஸை விட்டுவிடுங்கள்" என்கிறார். வரும் விருந்தினர்களிடம் அப்படிச் சொல்ல முடியுமா?

சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை. நீங்கள் தினமும் குரோமில்தான் உங்கள் தளத்தைப் பார்க்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அப்படியானால் படங்கள் எல்லாம் அந்த உலாவியின் தற்காலிகச் சேமிப்பில் (கேஷ்) ஏற்கெனவே இருக்கின்றன. ஃபயர்பாக்ஸோ ஒவ்வொன்றையும் புதிதாக இறக்குகிறது. இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் இரண்டிலும் தனிச் சாளரம் (பிரைவேட் விண்டோ; குரோமில் இன்காக்னிடோ) திறந்து, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே இணைப்பில் பாருங்கள். தனிச் சாளரத்தில் பழைய சேமிப்பு இராது; நீங்கள் தனியாக அனுமதி கொடுத்திருந்தால் ஒழிய, உலாவியோடு நாம் சேர்த்துக்கொள்ளும் நீட்சிகளும் (எக்ஸ்டென்ஷன்) இயங்கா. முதல்முறை வரும் விருந்தினர் பார்ப்பது ஏறத்தாழ அதைத்தான்.

அடுத்ததாக, ஃபயர்பாக்ஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஈ ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் நெட்வொர்க் பலகம் திறக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் அழுத்தினால், சேமிப்பைப் புறக்கணித்துப் பக்கம் முழுவதும் மீண்டும் இறங்கும். கோப்பு ஒவ்வொன்றும் ஒரு வரியாக வரும்; அடியில் மொத்த அளவும் நேரமும் இருக்கும். நீங்கள் அனுப்பிய முகவரியை இப்படிப் பார்த்தேன். முகப்புப் பக்கத்திலேயே வளவு, தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்று நாற்பது படங்கள். ஒவ்வொன்றும் கேமராவிலிருந்து எடுத்தபடியே, ஏறத்தாழ 6 எம்பி. ஆக 240 எம்பி. விநாடிக்கு 20 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் இதை இறக்க 96 விநாடிகள் வேண்டும். எந்த உலாவியாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

கோப்பின் அளவு ஒரு பக்கம் இருக்க, படத்தின் நீள அகலமும் கவனிக்க வேண்டியது. 6000க்கு 4000 புள்ளிகள் உள்ள படத்தில் 2.4 கோடிப் புள்ளிகள் இருக்கின்றன. ஒரு புள்ளிக்கு நான்கு பைட் என்று வைத்தால், முழு அளவில் நினைவகத்தில் விரியும்போது அந்த ஒரே படம் 96 எம்பி பிடிக்கும். பார்ப்பவரின் திரை அகலம் பெரும்பாலும் 2000 புள்ளிகளைக்கூடத் தாண்டாது. ஆகவே படங்களை 1600 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி வெப்பி (WebP) வடிவத்தில் சேமிக்கச் சொல்லுங்கள். 2019 ஜனவரியில் வந்த 65ஆம் பதிப்பு முதல் ஃபயர்பாக்ஸ் அவ்வடிவத்தைக் காட்டுகிறது. ஒரு படம் 250 கேபிக்குள் அடங்கினால் மொத்தம் 10 எம்பி. அதே இணைப்பில் நான்கு விநாடி. திரைக்குக் கீழே உள்ள படங்கள் நகர்த்தும்போது மட்டும் இறங்கும்படி 'லேஸி லோடிங்' குறிப்பையும் சேர்க்கச் சொல்லுங்கள். இதைச் செய்ய அவருக்கு ஒரு பிற்பகல் போதும்.

புதுவயல்: அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். மாதக் கடைசித் தேதி நெருங்கும்போது வரித்தாக்கல் தளம் ஃபயர்பாக்ஸில் அசைவதே இல்லை. தினமும் காலையில் கேஷ், குக்கி எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். வேறு என்ன செய்யலாம்?

முதலில் அந்தக் காலைப் பழக்கத்தை நிறுத்துங்கள். பெட்டகத்தில் இருக்கும் சாமானைத் தினமும் வீதியில் கொட்டிவிட்டு, வேண்டும்போதெல்லாம் கடைத்தெருவுக்கு ஓடுவது போன்றது அது. தற்காலிகச் சேமிப்பு இருப்பதே வேகத்துக்காக. அழித்த நாளில் ஒவ்வொரு தளமும் முதல்முறை மெதுவாகத்தான் திறக்கும். ஒரு குறிப்பிட்ட தளத்தின் சேமிப்பு கெட்டுப்போயிருக்கும் என்று ஐயம் வந்தால், முகவரிக்கு இடப்புறம் உள்ள பூட்டுச் சின்னத்தை அழுத்தி, அத்தளத்தின் குக்கியையும் தரவையும் மட்டும் நீக்கலாம்.

அடுத்து, மேலே சொன்ன நெட்வொர்க் பலகத்தில் ஏதாவது ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து 'டைமிங்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். அதில் 'வெயிட்டிங்' என்ற பட்டை நீண்டிருந்தால், உங்கள் கணினி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது, மறுமுனையில் தளத்தை வைத்திருக்கும் வழங்கி (சர்வர்) இன்னும் பதில் தரத் தொடங்கவில்லை என்று பொருள். கடைசி நாளில் ஊரே வரிசையில் நிற்கும்போது அப்படித்தான் இருக்கும். உலாவியை மாற்றுவதால் வரிசை குறையாது. 'ரிசீவிங்' நீண்டால் கோப்பு பெரிது, அல்லது உங்கள் இணைப்பு மெல்லியது. 'பிளாக்டு' நீண்டால் கோரிக்கை உலாவிக்குள்ளேயே முறைக்காகக் காத்திருக்கிறது: பழைய ஹெச்டிடிபி முறையில் ஒரே வழங்கிக்கு ஒரே நேரத்தில் ஆறு இணைப்புகளுக்கு மேல் ஃபயர்பாக்ஸ் திறப்பதில்லை.

பள்ளத்தூர்: கல்லூரி மாணவி நான். விடுதியில் மடிக்கணினி நன்றாக இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் ஃபயர்பாக்ஸில் ஒவ்வொரு புதிய தளமும் பத்து விநாடி சும்மா நின்றுவிட்டுப் பிறகு சட்டென்று திறக்கிறது. அண்ணனின் கணினியில் இந்தத் தொல்லை இல்லை.

நின்று, பிறகு சட்டென்று திறப்பது நல்ல தடயம். இறக்கும் வேகத்தில் குறை இல்லை. இணைப்பு ஏற்படும் முன் ஏதோ ஒன்றைத் தேடி, கிடைக்காமல், கைவிட்டுப் பிறகு தொடர்கிறது. அமைப்புகளில் 'ஜெனரல்' பக்கத்தின் அடியில் 'நெட்வொர்க் செட்டிங்ஸ்' இருக்கிறது. விடுதிக்காக அங்கே ப்ராக்ஸி (இணையத்துக்குப் போகும் வழியில் நிற்கும் இடைக்கணினி) முகவரி எழுதியிருந்தாலோ, ப்ராக்ஸியைத் தானாகக் கண்டுபிடிக்கும்படி வைத்திருந்தாலோ, வீட்டில் இல்லாத ப்ராக்ஸியை அது தேடிக்கொண்டிருக்கும். வீட்டில் இருக்கும்போது 'நோ ப்ராக்ஸி' என்று மாற்றிப் பாருங்கள்.

மாறவில்லையென்றால் 'டைமிங்ஸ்' பகுதியில் 'டிஎன்எஸ்' பட்டையைக் கவனியுங்கள்; தளத்தின் பெயரைக் கொண்டு அதன் எண் முகவரியைத் தேடும் நேரம் அது. அது நீண்டிருந்தால், தனியுரிமைப் பக்கத்தில் உள்ள 'டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ்' அமைப்பைத் தற்காலிகமாக நிறுத்திச் சோதிக்கலாம். பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும் நேரத்தைக் காட்டும் 'டிஎல்எஸ்' பட்டை நீண்டிருந்தால், வைரஸ் தடுப்பு மென்பொருள் பாதுகாப்பான இணைப்புகளை இடையில் புகுந்து சோதிக்கிறதா என்று பாருங்கள். சோதனைக்காக அந்த வசதியை ஐந்து நிமிடம் நிறுத்தலாம். தடுப்பு மென்பொருளையே நீக்கிவிட வேண்டாம். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் மாற்றிய பிறகு சரியானாலும் எது காரணம் என்று தெரியாது.

கோட்டையூர்: முகப்பில் உட்கார்ந்து பார்த்தால் வேகம், இரண்டாம் கட்டில் பார்த்தால் மெதுவு. ஃபயர்பாக்ஸ்தான் காரணமா?

சுவர்தான் காரணம். நம் பக்கத்துச் செங்கல் சுண்ணாம்புச் சுவர்களின் தடிப்பில் வைஃபை தளர்ந்துவிடும்; 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2.4ஐ விட விரைவாகத் தளரும். வளவு வரை ஒரு கம்பி இழுத்து அங்கே இன்னொரு வைஃபை பெட்டி வையுங்கள்.

தேவகோட்டை: 'ட்ரபிள்ஷூட் மோட்' போட்டுப் பார்த்தால் நீட்சிகளின் குற்றமா என்று தெரியும் என்றார்கள். போட்டால் முன்னைவிட மெதுவாக ஓடுகிறது. அப்படியானால் ஃபயர்பாக்ஸே பழுதா?

இந்தக் குழப்பம் பலருக்கு வருகிறது. உதவிப் பட்டியலில் உள்ள அந்த முறை, நீட்சிகளை நிறுத்துவதோடு நிற்பதில்லை. வரைகலைச் சில்லின் உதவியையும், ஜாவாஸ்கிரிப்டை ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிட் தொகுப்பியையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது. எனவே கனமான தளங்கள் அதில் மந்தமாக ஓடுவது இயல்பே. அந்த முறையில் வேகம் கூடினால் தடயம் கிடைத்தது என்று கொள்ளலாம். குறைந்தால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

நீட்சிகளைத் தனியே சோதிக்க, நீட்சிகள் பக்கத்தில் பாதியை நிறுத்திப் பாருங்கள். குறை தீர்ந்தால் குற்றவாளி அந்தப் பாதியில் இருக்கிறது, அதை மறுபடி பாதியாக்குங்கள். பதினாறு நீட்சிகள் இருந்தாலும் நான்கே சோதனையில் பிடித்துவிடலாம். வரைகலை உதவியைத் தனியே சோதிக்க, 'ஜெனரல்' பக்கத்தில் 'பர்ஃபார்மன்ஸ்' பகுதியில் பரிந்துரைத்த அமைப்பின் குறியை எடுத்தால், கீழே வன்பொருள் முடுக்கத்துக்கான குறி தெரியும். பக்கம் வந்தபின் நகர்த்தும்போது மட்டும் திக்குகிறது என்றால் இதை முதலில் பாருங்கள். பல நேரங்களில் வரைகலைச் சில்லின் இயக்கியைப் (டிரைவர்) புதுப்பித்தாலே போதும். முடுக்கத்தை நிரந்தரமாக நிறுத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை.

காரைக்குடி: பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். விலை ஒப்பிட எப்போதும் ஐம்பது அறுபது தாவல்கள் (டேப்) திறந்திருக்கும். மாலைக்குள் கணினி நகராது.

ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். எந்தத் தளம் எவ்வளவு நினைவகமும் செயலியும் எடுக்கிறது என்ற பட்டியல் வரும். அறுபது தாவல்களும் சமமாகத் தின்பதில்லை. இரண்டோ மூன்றோதான் பெருந்தீனிக்காரர்கள். அவற்றை அங்கிருந்தே மூடலாம். நினைவகம் மிகக் குறையும்போது நெடுநேரம் பார்க்காத தாவல்களை ஃபயர்பாக்ஸ் தானாகவே நினைவகத்திலிருந்து இறக்கிவைக்கும். அண்மைப் பதிப்புகளில் தாவலை வலச்சொடுக்கி நாமே இறக்கிவைக்கவும் வழி இருக்கிறது. தாவல் மறையாது, தொட்டால் மீண்டும் திறக்கும்.

ஆத்தங்குடி: கல் பட்டறைக் கணினி விண்டோஸ் 7, நினைவகம் 2 ஜிபி. ஃபயர்பாக்ஸ் புதுப்பிக்கவே மாட்டேன் என்கிறது.

விண்டோஸ் 7க்கு ஃபயர்பாக்ஸின் கடைசி வரிசை 2023 ஜூலையில் வந்த 115. நீண்டகால ஆதரவுப் பதிப்பாகப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே அதற்குத் தொடர்ந்து வந்தன. குரோம் அதற்கு முன்பே, 109உடன், அந்த இயங்குதளத்தைக் கைவிட்டுவிட்டது. ஆகவே உலாவியை மாற்றிப் பயனில்லை. நினைவகத்தைக் கூட்டி, ஓர் எளிய லினக்ஸ் போட்டுப் பாருங்கள். பணப் பரிவர்த்தனையை இப்போதைய கணினியில் செய்யாதீர்கள்.

குன்றக்குடி: ஐபோனில் ஃபயர்பாக்ஸ் மெதுவாக இருக்கிறது. சஃபாரிக்கு மாறலாமா?

ஐபோனில் இங்கே நாம் பயன்படுத்தும் ஃபயர்பாக்ஸின் உள்ளே இருந்து பக்கங்களைக் காட்டுவதும் சஃபாரியின் வெப்கிட் பொறிதான். மாறினால் பெரிய வேறுபாடு தெரியாது.

தேவகோட்டை: தமிழாசிரியர். இலக்கியப் பாடங்களுக்காக ஒரு தளம் நடத்துகிறேன். பக்கம் திறந்ததும் படங்கள் வந்துவிடுகின்றன. எழுத்து மட்டும் மூன்று விநாடி கழித்தே தெரிகிறது.

ஐயா, அந்த மூன்று விநாடிதான் துப்பு. தளத்துக்கென்று தனி எழுத்துரு வைத்தால், அது இறங்கும்வரை ஏறத்தாழ மூன்று விநாடி எழுத்தை மறைத்து வைப்பது உலாவியின் இயல்பு. 'ஃபான்ட் டிஸ்ப்ளே' என்ற குறிப்பில் 'ஸ்வாப்' என்று எழுதினால், கணினியில் இருக்கும் எழுத்துருவில் உடனே காட்டிவிட்டுப் பிறகு உங்களுடையதற்கு மாறும். எழுத்துருக் கோப்பு டிடிஎஃப் வடிவில் இருந்தால் இணையத்துக்கென்று சுருக்கிய வாஃப்2 (WOFF2) வடிவுக்கு மாற்றுங்கள். தடித்தது, மெலிந்தது, சாய்ந்தது என்று நான்கைந்து கோப்புகள் இருந்தால் பயன்படுத்துவதை மட்டும் வையுங்கள்.

கோப்பைச் சிறிதாக்க, வேண்டாத எழுத்துகளை வெட்டும் கருவிகள் உண்டு. தமிழில் இதைக் கவனமாகச் செய்ய வேண்டும். யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கான அடிப்படைத் தொகுதியில் உள்ள இடங்கள் 128 மட்டுமே. கு, மூ, டி போன்ற உயிர்மெய்களின் வடிவங்கள் அந்தப் பட்டியலில் இல்லாமல், எழுத்துருவுக்குள் இருக்கும் ஓபன்டைப் விதிகளால் உருவாகின்றன. கருவி அந்த விதிகளையும் வெட்டிவிட்டால், "குறுந்தொகை" என்ற சொல்லில் உகரக் குறிகள் தனியே பிரிந்து நிற்கும். வெட்டியபின் உகர, ஊகார வரிசைகளை ஒருமுறை முழுவதும் அச்சிட்டுப் பாருங்கள்.

கண்டனூர்: உலாவியின் உள்ளமைப்புப் பக்கத்தில் (about:config) பைப்லைனிங்கை, அதாவது பதிலுக்குக் காத்திராமல் கோரிக்கைகளை அடுத்தடுத்து அனுப்பும் வசதியை இயக்கினால் வேகம் இரட்டிப்பாகும் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். செய்யலாமா?

அந்த வசதி 2017இல், 54ஆம் பதிப்போடு ஃபயர்பாக்ஸிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. இல்லாத குழாயைத் திறக்கச் சொல்லும் அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 'வேகம் கூட்டி' என்று பெயர் வைத்துக்கொண்டு வரும் நீட்சிகளையும் இதே கணக்கில் சேர்க்கலாம். ஏற்கெனவே பலவற்றை மாற்றிவிட்டீர்களானால், உதவிப் பட்டியலில் உள்ள சரிசெய்தல் தகவல் பக்கத்தில் 'ரிஃப்ரெஷ் ஃபயர்பாக்ஸ்' பொத்தான் இருக்கிறது. புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் தங்கும். நீட்சிகளும் நீங்கள் மாற்றிய உள்ளமைப்புகளும் போய்விடும். பழைய தரவு மேசைத்திரையில் ஓர் உறையாக (ஃபோல்டர்) வைக்கப்படும். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் அதை அழிக்க வேண்டாம்.

காரைக்குடி: கண்டாங்கிச் சேலை விற்கும் தளத்தை வடிவமைத்தவன் நான். படங்களைச் சுருக்கிவிட்டேன், நீட்சி இல்லை, புதிய கணினி. தனிச் சாளரத்தில்கூட ஃபயர்பாக்ஸில் மட்டும் நகர்த்தும்போது திக்குகிறது. இனி எங்கே போவது?

இத்தனையும் செய்தபின் வருகிற கேள்வி என்பதால், இங்கே உலாவியையே ஐயப்படலாம். முதலில் உங்கள் பாணிக் கோப்பில் (சிஎஸ்எஸ்), நிலையாக நிற்கும் மேற்பட்டைக்குப் பின்னால் மங்கல் விளைவு கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 'பேக்டிராப் ஃபில்டர்' என்ற அந்த வசதி ஃபயர்பாக்ஸில் இயல்பாக இயங்கத் தொடங்கியது 2022 ஜூலையில் வந்த 103ஆம் பதிப்பில்தான். ஒவ்வொரு நகர்விலும் பின்னணியை மறுபடி மங்கலாக்க வேண்டியிருப்பதால் அது எங்கும் செலவு மிக்கது. அதை நீக்கிச் சோதியுங்கள்.

அப்போதும் திக்கினால் மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் ப்ரொஃபைலரைப் பயன்படுத்துங்கள். பதிவைத் தொடங்கி, ஐந்தாறு விநாடி பக்கத்தை நகர்த்திவிட்டு நிறுத்தினால், எந்தச் செயற்கூறு எத்தனை மில்லிவிநாடி எடுத்தது என்ற படம் வரும். அதன் இணைப்போடு, பதிப்பு எண், இயங்குதளம், வரைகலைச் சில்லின் பெயர், திக்கலை வரவைக்கும் படிகள் ஆகியவற்றைச் சேர்த்து, மொசில்லாவின் பிழைப் பதிவுத் தளமான பக்சில்லாவில் பதியுங்கள். பதிவில் நீங்கள் திறந்திருந்த மற்றத் தாவல்களின் முகவரிகளும் இருக்கக்கூடும் என்பதால், பதிவைத் தொடங்கும் முன் அவற்றை மூடிவிடுங்கள். பதிவேற்றும் பெட்டியில் எவற்றைச் சேர்ப்பது என்று கேட்கும் குறிகளையும் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.