காதுக்குப் பின்னால் குழாய் வைத்தால் நடுக்கம் போய்விடுமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. எட்டு வருடமாகப் பார்க்கின்சன். லெவோடோபா - கார்பிடோபா மாத்திரை தினமும் நான்கு வேளை. காலையில் இட்லி, சாம்பார் சாப்பிட்ட கையோடு போட்டுக்கொள்வார். முன்பு போல மருந்து பிடிப்பதில்லை. பதினொரு மணிக்கு வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார். இங்கிலாந்தில் காதுக்குப் பின்னால் போர்ட் வைத்து மூளைக்குள்ளேயே மருந்து செலுத்துவதாக வீடியோவில் பார்த்தோம். நிலத்தை விற்றாவது கூட்டிப் போகலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நிலத்தை விற்காதீர்கள். நீங்கள் பார்த்த வீடியோ பொய்யில்லை. ஆனால் அது ஆய்வு, காசு கட்டிப் பெறுகிற சிகிச்சை இல்லை. அந்த ஆய்வும் முடிந்துவிட்டது.

மண்டையைத் துளைத்து மருந்து கொடுக்கும் அளவுக்கு ஏன் போனார்கள்? மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் வருகிற பெரும்பாலான மருந்துகளை அந்தச் சுவர் உள்ளே விடாது. அப்பாவுக்குக் குறைவது டோபமின், உடல் அசைவுக்கு மூளை பயன்படுத்தும் ரசாயனம். அதையே ஊசியாகப் போட்டாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். லெவோடோபா ஓர் அமினோ அமிலம். சாப்பாட்டுப் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களுக்கென்று இருக்கும் வாசலில் அவற்றோடு சேர்ந்து நுழைந்து, உள்ளே போய் டோபமினாக மாறுகிறது. இந்த வாசலுக்குக் கடைசியில் திரும்ப வருகிறேன்.

லெவோடோபா குறையை நிரப்பும், அவ்வளவுதான். டோபமினைச் சுரக்கும் மூளைச் செல்கள் இந்த நோயில் செத்துக்கொண்டிருக்கும்; அவற்றைக் காப்பாற்றாது. ஜி.டி.என்.எஃப். என்கிற புரதம் விலங்குகளில் அந்தச் செல்களைக் காத்தது. ஆனால் அதை மாத்திரையாக்கினால் வயிற்றிலேயே ஜீரணமாகிவிடும். ஊசியாகப் போட்டால் அதே சுவர் தடுக்கும். அதனால்தான் பிரிஸ்டல் நகரின் சவுத்மீட் மருத்துவமனையில் ஸ்டீவன் கில் என்ற நரம்பியல் அறுவை நிபுணரின் குழு, ரோபோ உதவியோடு நான்கு மெல்லிய குழாய்களை, பக்கத்துக்கு இரண்டாக, அசைவைக் கட்டுப்படுத்த உதவும் பியூட்டமன் என்ற மூளைப் பகுதிவரை கொண்டுபோனது. வெளிமுனைகள் காதுக்குப் பின்னால் எலும்பில் பதித்த போர்ட்டில் வந்து சேரும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதில் மாட்டி, மருந்தை மெதுவாக ஏற்றுவார்கள்.

முடிவு 2019-ல் வந்தது. முக்கியக் கட்டத்தில் 35 பேர். ஒரு பகுதியினருக்கு மருந்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத திரவம். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால் மருந்து ஏறியவர்களின் அசைவு சுமார் 17% தேறியிருந்தது, வெறும் திரவம் ஏறியவர்களுக்குச் சுமார் 12%. இது தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம். (வெறும் திரவத்துக்கு எப்படி 12% என்று கேட்பீர்கள். நல்லாகிவிடும் என்ற எதிர்பார்ப்பே பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் டோபமினைச் சுரக்க வைப்பதைக் கனடாவில் 2001-லேயே ஸ்கேனில் பார்த்துவிட்டார்கள்.) ஸ்கேன் வேறு கதை சொன்னது: மருந்து பெற்றவர்களின் பியூட்டமனில் டோபமின் செயல்பாடு கூடியிருந்தது, மற்றவர்களிடம் இல்லை. ஆக, மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது. ஆனால் நடையில் அது தெரியவில்லையே! நோயாளிக்கு ஸ்கேன் படமா முக்கியம்?

நேரடியாகக் கொடுத்து ஜெயித்த நோய்களும் உண்டு. முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு உள்ள குழந்தைகளுக்கு நுசினெர்சென் மருந்தை முதுகுத்தண்டு நீரில் ஏற்றுகிறார்கள்; அமெரிக்காவில் 2016-லேயே அனுமதி கிடைத்தது. டோபமினைத் தயாரிக்கும் என்சைம் ஒன்று பிறவியிலேயே குறைந்திருக்கும் அரிய நோய்க்கு, சரியான மரபணுவைப் பியூட்டமனிலேயே செலுத்தும் சிகிச்சை ஐரோப்பாவில் 2022-ல் அனுமதி பெற்றது. இவற்றில் கோளாறு எந்த மரபணுவில் என்று திட்டவட்டமாகத் தெரியும். அப்பாவுக்கு வந்திருப்பது அப்படி ஒற்றைக் காரணத்தில் பிடிபடுகிற நோய் இல்லை. அதனால் நானானால் இப்போதைக்குக் காத்திருப்பேன்.

சரி, அந்த வாசல். இட்லியில் உளுந்து, சாம்பாரில் பருப்பு, இரண்டும் புரதம். கூடவே மாத்திரையும் போனால் குடலிலும் மூளை வாசலிலும் ஒரே கூட்டம். லெவோடோபாவுக்கு இடம் கிடைப்பதில்லை. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், இல்லையென்றால் சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு, தண்ணீரோடு கொடுத்துப் பாருங்கள். குமட்டினால் கூட ஒரு பிஸ்கட் கொடுங்கள், பால் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை வேறு நேரத்துக்கு மாற்றுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. திடீரென நிறுத்துவது ஆபத்து.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குச் சாப்பாடு, எப்போது கால் ஒட்டியது என்று ஒரு வாரம் எழுதி நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். வேளையை மாற்றுவதா, தோலுக்கடியில் மருந்து ஏற்றும் அபோமார்ஃபின் பம்பா, மூளைக்குள் மின்தூண்டல் கருவியா என்று அவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். அந்தப் பதினொரு மணியை மறக்காமல் எழுதுங்கள்.